தொலோசாவின் நூறு சதவீத வருகை

சான் எவாரிஸ்தோ பல்கலைக்கழகத்தின் உளவியல் புலத்தில் அறிதிறன் நரம்பியல் பட்டப்படிப்பைத் தொடங்கியபோது அங்கே மூளை எதுவும் இருக்கவில்லை. யாருக்கும் அது குறையாகப் படவில்லை. இறையியல் படிப்பில் கடவுளைக் கொண்டுவந்து காட்டும்படி யாரும் கேட்பதில்லை என்று டீன் லிசாராகா விளக்கினார்.

புலத்தின் பதினெட்டுப் பேராசிரியர்களும் உளப்பகுப்பாய்வாளர்கள். வந்தவரை மெத்தையில் சாய்ந்து படுக்கச் சொல்லி, அவர் பேசப் பேசத் தாங்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பது அவர்கள் தொழில். எங்கள் ஊரில் ரொட்டிக்கடைக்காரர் முதல் நீதிபதி வரை வாரம் ஒருமுறை அப்படிப் படுத்து எழுவார்கள். யாருக்கும் குணமானதில்லை. யாரும் நிறுத்தியதுமில்லை.

அந்த வருடம் தலைநகர் புவனோஸ் அய்ரசில் உள்ள கல்வி அமைச்சகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி அறிவியல் படிப்புகளுக்கு மட்டுமே புதிய பணியிடங்கள். பதினைந்து நாளில் புலம் அறிவியலுக்கு மாறியது. 'கனவுகள் – ஒன்று' என்ற பாடம் 'நரம்புக் கனவுகள் – ஒன்று' ஆனது. 'தாய்: ஓர் அறிமுகம்' என்பது 'தாயின் நரம்பியல்: ஓர் அறிமுகம்' ஆனது. பாடநூல்கள் மாறவில்லை. மாணவர் சங்க நகலகத்தில் அட்டையை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள்.

தொடக்க விழாவில் டீன் பேசினார்.

"மூளைன்னு ஒண்ணு இருக்கறதா சிலர் நம்பறாங்க. அவங்க நம்பிக்கையை நாம கேலி செய்யக்கூடாது. நான் நாப்பது வருஷமா மனுஷங்க பேசறதைக் கேட்டுட்டிருக்கேன். ஒருத்தர்கூட, டாக்டர் என் மூளை இப்படி, என் மூளை அப்படின்னு சொன்னதில்லை. எல்லாரும் அம்மாவைப் பத்தித்தான் சொல்றாங்க. ஆனா அறிவியலுக்குத் திறந்த மனசு வேணும். அதனால மூளைக்கும் ஒரு அஞ்சு வருஷம் குடுத்துப் பாப்போம்."

கை தட்டினார்கள். தட்டியவர்களில் அயெலென் கப்ராலும் ஒருத்தி. அவளுக்குப் பத்தொன்பது வயது.

அவள் அப்பா எர்மிந்தோ ஒன்பதாம் எண் பேருந்தை முப்பத்தொரு வருடம் ஓட்டியவர். முந்தின குளிர்காலத்தில் முகம் மழித்துக்கொண்டிருந்தவர் விழுந்தார். எழுந்தபோது வலது கை வலுவிழந்திருந்தது. பேச்சில் ஒரே ஒரு வாக்கியம் மிச்சமிருந்தது.

"பின்னால இடம் இருக்கு."

பேருந்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன வாக்கியம். இப்போது பசித்தால் அதைச் சொன்னார். மழை வந்தால் அதைச் சொன்னார். மகளைக் கூப்பிடவும் அதுதான். உச்சரிப்பு மட்டும் பழுதில்லாமல் இருந்தது.

வட்டார மருத்துவமனையில் மறுவாழ்வுப் பிரிவை நடத்திய டாக்டர் யாகோனிஸ், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு மூளை வரைந்து, இடது பக்கத்தில் பேனாவால் ஒரு குழி போட்டார்.

"இங்கதான் அடி. முழுசா சரியாகும்னு நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் நகரும். ஆனா தினமும் பக்கத்துல உக்காந்து வேலை வாங்க ஆள் வேணும். என்கிட்ட ஆள் இல்லை. நாப்பது பேர் பட்டியல்ல இருக்காங்க. உங்கப்பா முப்பத்தொண்ணாவது."

"ஆள் எப்ப வருவாங்க டாக்டர்?"

"இதுக்குன்னு படிச்சவங்க ஒருத்தர் வரணும். ஒரு இடம் வாங்கி வெச்சிருக்கேன். வருஷா வருஷம் கெஞ்சித்தான் காப்பாத்தறேன்."

அந்த ஆளாகத் தானே ஆகிவிடுவது என்று அயெலென் முடிவு செய்தாள். படிப்பின் பெயரில் மூளை இருந்தது. அவளுக்கு அது போதுமானதாகத் தெரிந்தது.

மாணவர் பதிவு அலுவலகத்தை தெல்மா என்ற அம்மாள் நிர்வகித்தார். இடது கையில் குழல் போட்டு உறிஞ்சும் மாத்தே மூலிகைத் தேநீர்க் கோப்பை, அக்குளில் வெந்நீர்க் குடுவை. மிச்சமிருந்த ஒரு கையால் புலம் முழுவதையும் நடத்தினார்.

"மூளையை எப்பம்மா பாப்போம்?" என்று அயெலென் கேட்டாள்.

தெல்மா குழலை உறிஞ்சி முடித்தார். "எந்த மூளை?"

"செய்முறைப் பாடத்துல இருக்கே. மனித மூளையை நேரடியா பாக்கறது, இருபது மணி நேரம்."

"அது திட்டத்துல இருக்கு கண்ணு. திட்டத்துல நீச்சல் குளம்கூட இருக்கு."

இரண்டாம் வருடம் மார்ச்சில் மூளை வந்தது. மருத்துவப் புலம் தன் சரக்கறையைக் காலி செய்தபோது, ஒரு கண்ணாடி ஜாடியை நல்லெண்ணமாக அனுப்பி வைத்தது. ஜாடியில் சீட்டு ஒட்டியிருந்தது: தொலோசா, எழுபத்தொரு வயது, சொந்த விருப்பத்தின்பேரில் வழங்கியது.

கட்டடத்துக்குள் வரும் எதுவும் ஏதாவது ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். தெல்மா தளவாடப் பிரிவுக்கு எழுதினார். பதினோரு வாரம் கழித்துப் பதில் வந்தது. மேற்படி பொருள் ஒரு மனிதனின் பகுதி. மனிதனை அரசுச் சொத்தாகப் பதிவு செய்ய இயலாது. இந்த நாட்டில் அடிமை முறை 1853-இல் ஒழிக்கப்பட்டது.

தெல்மா பணியாளர் பிரிவுக்கு எழுதினார். பணி நியமனங்கள் முடக்கப்பட்டுள்ளன என்று பதில் வந்தது.

ஆனால் எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர் சேர்க்கைக்குத் தடை கிடையாது. நுழைவுத் தேர்வில்லை, கட்டணமில்லை, யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. அதற்காக ஊர்வலம் போய் அடி வாங்கியவர்கள் எங்கள் தாத்தாக்கள். இருபத்தைந்து வயது தாண்டியவராக இருந்தால் பள்ளிச் சான்றிதழும் வேண்டாம். தொலோசாவுக்கு எழுபத்தொன்று தாண்டியிருந்தது. ஜாடியில் இருந்த வருடங்களைச் சேர்த்தால் எண்பத்திரண்டு.

தெல்மா அவரை மாணவராகச் சேர்த்தார். வாழ்வனுபவத்தைக் கருத்தில் கொண்டு முதல் வருடப் பாடங்களிலிருந்து விலக்கும் கொடுத்தார்.

"அம்மா, அவர் ஜாடியில இருக்கார்," என்றாள் அயெலென்.

"ஜாடியில இருக்கறவங்களைச் சேக்கக்கூடாதுன்னு எந்த விதியில இருக்கு? காட்டு."

அயெலென் விதிப் புத்தகத்தை இரண்டு நாள் படித்தாள். இல்லை.

அலமாரிச் சாவி தொலைந்து போயிருந்ததால் ஜாடியைப் பதினான்காம் வகுப்பறையின் முன்வரிசையில் வைத்தார்கள். செய்முறை மூன்றாம் வருடத்தில்தான் என்பதால், அதுவரை ஜாடி தான் வந்த பெட்டிக்குள்ளேயே இருந்தது. எல்லா வகுப்புகளும் அங்கேதான் நடந்தன. வருகைப் பதிவில் தொலோசா ஒரு நாளும் தவறவில்லை. ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்த நாட்களிலும் அவர் வகுப்பில் இருந்தார்.

ஒரு பாடத்தில் அயெலெனுக்கு வருகை எழுபத்தொன்பது சதவீதம்தான் வந்தது. எண்பது வேண்டும். அப்பா இரண்டு முறை குளியலறையில் விழுந்திருந்தார். அவள் டீனைப் பார்க்கப் போனாள்.

டீன் லிசாராகா தன் அறையில் மெத்தைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்வார். மாணவர்கள் மெத்தையில் படுத்துக்கொண்டு கோரிக்கை சொல்ல வேண்டும். அயெலென் படுத்தாள்.

"ஒரு நாள்தான் டாக்டர் குறையுது. அப்பா விழுந்துட்டாரு."

டீன் வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை.

"விழுந்தது அப்பா," என்றார் கடைசியில். "ஆனா வராம இருந்தது நீ. இதை யோசிச்சுப் பாரும்மா."

"யோசிச்சேன் டாக்டர். அவரைத் தூக்கறதுக்கு வேற யாரும் வீட்டுல இல்லை."

"தொலோசாவைப் பாரு. அவருக்குக் காலே இல்லை. ஒரு வகுப்பு விட்டிருக்காரா?"

அந்தப் பாடத்தை அவள் மறுபடி படித்தாள்.

மூன்றாம் வருடத்தில் செய்முறைப் பாடம் வந்தது. அயெலென் முதல் ஆளாக வரிசையில் நின்றாள். ஜாடியைப் பார்க்க முடியவில்லை. சிவப்புக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு ஒன்றால் அது மூடியிருந்தது.

சிக்கல் இதுதான். ஒரு மாணவரின் உடலை மற்ற மாணவர்கள் ஆராய வேண்டுமானால் அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் தேவை. தொலோசா இப்போது மாணவர். படிவத்தை அவர் முன் பதினெட்டு நாட்கள் வைத்துப் பார்த்தார்கள். அவர் கையெழுத்திடவில்லை. அவருடைய அந்தரங்கத்தைக் காக்க தெல்மா வீட்டிலிருந்து மேசைவிரிப்பைக் கொண்டுவந்தார்.

விவகாரம் புல மன்றத்துக்குப் போனது. அதற்குள் மாணவர் தேர்தல் நடந்து, மன்றத்தில் மாணவர் பிரதிநிதியாக தொலோசாவே வந்திருந்தார். இரண்டு அணிகளும் அவரைத் தங்கள் பட்டியலில் போட்டிருந்தன. அவர் எதையும் மறுக்கவில்லை. சம்மதத் தீர்மானத்தில் ஐந்துக்கு ஐந்து ஓட்டு விழுந்தது. தொலோசா நடுநிலை வகித்தார். தீர்மானம் தோற்றது.

"இந்த மன்றத்துல இவ்வளவு பக்குவமான மாணவத் தலைவரை நான் பாத்ததில்லை," என்றார் டீன். "இவருக்கு முன்னாடி இருந்தவங்க கழிப்பறைக்குக் கதவு கேட்டாங்க."

செய்முறை ரத்தாகவில்லை. இருபது மணி நேரம் மேசைவிரிப்பின் முன்னால் உட்கார்ந்து, மனதில் எழுவதை வரைய வேண்டும் என்று ஆனது. பலர் தங்கள் அம்மாவை வரைந்து தேர்ச்சி பெற்றார்கள். அயெலென், டாக்டர் யாகோனிஸ் வரைந்து காட்டியதை நினைவில் வைத்து, ஒரு மூளையை மடிப்பு மடிப்பாக வரைந்தாள்.

"இது எங்கேருந்து வந்தது?" என்று டீன் தாளைத் தூக்கிப் பிடித்தார். "எதிரே இருக்கறது சிவப்புக் கட்டம். நீ வரைஞ்சதுல ஒரு கட்டம்கூட இல்லை. கவனிக்கப் பழகும்மா."

இரண்டாம் முறை அவள் கட்டங்களை வரைந்தாள். பத்துக்கு ஆறு மதிப்பெண் வந்தது.

இப்படியே ஐந்தாம் வருடம் வந்தது. சேர்ந்தவர்கள் முப்பத்தெட்டு பேர். சிலர் கணக்கியலுக்குப் போனார்கள். இருவர் டாக்சி ஓட்டினார்கள். ஒருவன் பேராசிரியர் ஒருவரிடமே நோயாளியாகச் சேர்ந்துவிட்டான். கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர்: கப்ராலும் தொலோசாவும்.

அமைச்சகம் அதற்குள் மனம் மாறியிருந்தது. இந்தப் பாடத்திட்டம் டிசம்பர் முப்பத்தொன்றோடு காலாவதியாகும். அதற்குள் முடிக்காதவர்கள் முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். மருத்துவமனையிலிருந்தும் செய்தி வந்தது. டாக்டர் யாகோனிஸ் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பிப்ரவரிக்கு மேல அந்த இடத்தை வெச்சிருக்க முடியாதும்மா. உங்க புலத்துல தரவரிசைப் பட்டியல்ல முதல்ல இருக்கறவங்களைத்தான் அனுப்புவாங்க. நீதானே?"

"நான்தான் டாக்டர். ஒரு தேர்வு பாக்கி."

"என்ன தேர்வு?"

"மொழியும் மூளையும்."

"அப்ப என்ன, உனக்குத் தெரிஞ்சதுதானே."

அயெலென் தொலைபேசியை வைத்தாள். அதே தேர்வில் அவள் இரண்டு முறை தோற்றிருந்தாள்.

டிசம்பர் பதினெட்டு, கடைசித் தேர்வு நாள். எங்கள் ஊரில் கடைசித் தேர்வில் தேறி வெளியே வருபவர்மேல் வீட்டார் வாசலிலேயே முட்டையும் மாவும் வீசுவார்கள். அது ஆசீர்வாதம். எர்மிந்தோ காலையிலிருந்தே வாசலில் நின்றார். இடது கையில் ஒரு டஜன் முட்டைகள் இருந்த அட்டை. கடைக்காரி யாருக்கு என்று கேட்டபோது, பின்னால் இடம் இருப்பதாகச் சொல்லி வாங்கி வந்தது.

தேர்வு மேசையில் டீனும் இரண்டு பேராசிரியர்களும். நடுவில் கம்பிக் கூண்டு, அதற்குள் எண் போட்ட உருண்டைகள். கைப்பிடியைச் சுற்றினால் ஒன்று விழும். அந்த எண்ணுக்குரிய பாடத்தைப் பற்றி வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். அயெலென் சுற்றினாள். ஏழு.

ஏழாம் அலகு: சொற்கள் இழக்கப்படுவது. அவள் முகம் மலர்ந்தது. ஐந்து வருடமாக வீட்டில் படித்த அலகு. மருத்துவமனை நூலகத்தில் அவள் தானாகத் தேடிப் படித்தவையும் இருந்தன.

"இடது முன்மடல்ல ரத்தக்குழாய் அடைச்சா, சொல் தெரிஞ்சும் வாய்க்கு வராது. ஆனா ரொம்பப் பழகின வாக்கியம் ஒண்ணு ரெண்டு தப்பிச்சிடும். நாள் பேரு, பாட்டு, எண்ணிக்கை, இப்படி வரிசையா பழகினது இருந்தா அதைப் பிடிச்சுத் திரும்ப…"

"இடதுன்னு சொன்னே," என்றார் டீன்.

"ஆமா டாக்டர்."

"ஏன் இடது?"

"பெரும்பாலானவங்களுக்கு மொழி இடது பக்கம்தான் இருக்கு."

"நான் பெரும்பாலானவங்களைக் கேக்கலை. உன்னைக் கேக்கறேன். உன் இடது பக்கம் யாரு?"

அயெலென் இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். மேசைவிரிப்பு போர்த்திய தொலோசா இருந்தார்.

"அப்பாதானே?" என்றார் டீன் மெதுவாக.

"அப்பாவுக்கு இடது பக்கம் அடி. நிஜமாவே அடி டாக்டர். படம் எடுத்துப் பாத்தாங்க."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் எழுதிக்கொண்டார்.

"படம்," என்றார் டீன். "எதைக் கேட்டாலும் மூளை, ரத்தக்குழாய், படம். உனக்குள்ள ஏதோ ஒண்ணு எங்களைத் தடுக்குதும்மா. அஞ்சு வருஷமா தடுக்குது. அதை உடைக்க நாங்க என்னதான் பண்ணலை? பத்துக்கு ரெண்டு."

தேர்ச்சிக்கு நான்கு வேண்டும்.

அடுத்து தொலோசா. வாய்மொழித் தேர்வு எங்களிடம் பகிரங்கமானது, யாரும் இருந்து பார்க்கலாம். அயெலெனைப் போகச் சொல்லவும் முடியாது. தொலோசாவுக்குக் கை இல்லாததால் அவருக்காகக் கூண்டைச் சுற்றும்படி கேட்டுக்கொண்டார்கள். சுற்றினாள். மறுபடி ஏழு.

"சொற்கள் இழக்கப்படுவது," என்று டீன் படித்தார். "எப்ப வேணாலும் ஆரம்பிக்கலாம் தொலோசா."

அறையில் அமைதி. மின்விசிறி ஓடியது. பத்து நிமிடம் போனது. இடதுபுறப் பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இருபது நிமிடம் ஆனபோது வலதுபுறப் பேராசிரியருக்குக் கண்ணில் நீர் வந்திருந்தது. ஐம்பதாவது நிமிடத்தில் டீன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"நாப்பது வருஷத்துல என் முன்னாடி எத்தனையோ பேர் மௌனமா இருந்து பாத்திருக்காங்க. எல்லாரும் கடைசியில தோத்துப் பேசிடுவாங்க. இவர் தோக்கலை. சொல் இழக்கப்படறதைப் பத்தி சொல்லுங்கன்னு கேட்டோம். இவர் சொல்லலை. இழந்து காட்டினார். இதுக்கு மேல ஒரு பதில் கிடையாது. பத்துக்குப் பத்து."

தொலோசாவின் சராசரி ஒன்பது புள்ளி எட்டு ஏழு. அறிதிறன் நரம்பியலில் எங்கள் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரி அவர்.

தெல்மா ஜாடியைத் தள்ளுவண்டியில் வைத்து வாசலுக்குக் கொண்டுவந்தார். அயெலென் பின்னால் நடந்தாள். எர்மிந்தோ மகளின் முகத்தைப் பார்த்தார். முட்டை அட்டையை மெல்லக் கீழே இறக்கினார்.

"இவருக்கு வீட்டார் யாரும் இல்லை," என்றார் தெல்மா. "வெறுமனே அனுப்பறதா? உங்க முட்டையைக் குடுங்கய்யா. வீணாத்தானே போகப்போகுது."

எர்மிந்தோ கொடுக்கவில்லை. மாணவர் சங்கத்தார் எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு முட்டைகளும் ஜாடியின்மேல் உடைந்தன. மாவும் விழுந்தது. பாட்டுப் பாடினார்கள். மேசைவிரிப்பு ஊறிப்போனது. துப்புரவுப் பணியாளர்கள் அன்று வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள்.

"நீ சும்மாதானே நிக்கறே கண்ணு," என்றார் தெல்மா. "கொஞ்சம் துடைச்சிடேன்."

அயெலென் மேசைவிரிப்பை எடுத்தாள். ஐந்து வருடப் படிப்பில் அவள் மூளையைப் பார்த்தது அப்போதுதான். கண்ணாடியில் வழிந்த மஞ்சள் கருவைக் கையால் துடைத்தாள். ஜாடியைச் சுற்றி வந்து இடது பக்கம் நின்றாள்.

முன்பக்கத்தில், ஒரு பிளம் பழம் அளவுக்கு, பழுப்பேறிய குழி இருந்தது. மருந்துச் சீட்டில் பேனாவால் போட்டுக் காட்டிய அதே இடம். தொலோசா உயிரோடிருந்த கடைசி நாட்களிலும் பேச்சில்லாமல்தான் இருந்திருக்க வேண்டும்.

"டாக்டர், இங்க வந்து பாருங்க. நான் உள்ள சொன்னது இதுதான். இவருக்கும் இங்கதான் அடி."

படியில் நின்ற டீன் அவளைக் கனிவோடு பார்த்தார்.

"நான் பாக்கறவன் இல்லம்மா," என்றார். "கேக்கறவன்."

எர்மிந்தோ அருகில் வந்தார். குனிந்து குழியைப் பார்த்தார். இடது கையால் தன் தலையைத் தொட்டுக்கொண்டார். பிறகு ஜாடியைத் தொட்டார்.

"பின்னால இடம் இருக்கு," என்றார் தொலோசாவிடம்.

பிப்ரவரி முதல் திங்கட்கிழமை, தரவரிசைப்படி, மருத்துவமனைப் பணியிடம் பட்டதாரி தொலோசாவுக்கு வழங்கப்பட்டது. காலை எட்டு மணிக்கு நேரில் பொறுப்பேற்க வேண்டும். தூக்கிக்கொண்டு போக ஆள் தேவைப்பட்டது. மாணவர் என்ற தகுதியை இழந்துவிட்டதால் கப்ராலுக்கு நேரம் இருக்கும் என்று தெல்மா குறிப்பு எழுதினார்.

அயெலென் ஜாடியோடு ஒன்பதாம் எண் பேருந்தில் போனாள். கூட அப்பாவும் போனார்.

டாக்டர் யாகோனிஸ் நியமன ஆணையைப் படித்தார். ஜாடியைப் பார்த்தார். மறுபடி ஆணையைப் படித்தார். எழுந்து வந்து ஜாடியைத் திருப்பினார்.

"இது என்னன்னு தெரியுமா?" குழியைக் காட்டினார்.

அயெலென் சொன்னாள். இரண்டு நிமிடம் ஆனது. யாரும் குறுக்கே பேசவில்லை.

"இப்படி ஒருத்தர் வந்தா முதல்ல என்ன பண்ணுவே?"

"அவருக்கு வரிசையா என்ன மனப்பாடம்னு பாப்பேன். எங்கப்பாவுக்குப் பேருந்து நிறுத்தங்கள். தினமும் நான் பாதி சொல்லி நிறுத்தறேன். இன்னும் வாயில வரலை. உதடு மட்டும் அசையுது."

டாக்டர் யாகோனிஸ் வருகைப் பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"தொலோசா தினமும் எட்டு மணிக்குக் கையெழுத்துப் போடணும். இல்லைன்னா இடம் போயிடும். அவருக்குக் கை இல்லை. நீ போடு. மேசையில அவர் இருக்கட்டும். நாற்காலியில நீ உக்காரு. நான் கூட இருந்து பாத்துக்கறேன். சம்பளம் வர்றப்ப அதையும் அவருக்காக நீயே வாங்கிக்க."

"அவர் சம்மதிக்கணுமே டாக்டர்."

"கேளு."

அயெலென் கேட்டாள். தொலோசா மறுக்கவில்லை.

ஆகஸ்டில் டீன் லிசாராகா வந்தார். முதல் பட்டதாரிக்கு ஒரு பித்தளைப் பலகை கொண்டுவந்திருந்தார். மறுவாழ்வுப் பிரிவின் கதவை மறித்து, வாசல் நடுவில் நின்றுகொண்டு பேசினார். உள்ளே வர வேண்டியவர்கள் வெளியிலும், வெளியே போக வேண்டியவர்கள் உள்ளேயும் நின்றார்கள். எர்மிந்தோ பெஞ்சில் இருந்தார். அவரும் மகளும் அன்றைய பயிற்சியில் பேருந்து நிறுத்தங்களின் வரிசையில் தபால் நிலையம், மாதா கோயில், துறைமுகம் வரை வந்து, அங்கே நின்றிருந்தார்கள்.

"ஆறு மாசத்துல பதினோரு பேர் திரும்பப் பேச ஆரம்பிச்சிருக்காங்கன்னு சொன்னாங்க," என்றார் டீன். "தொலோசா ஒரு மருந்து குடுக்கலை. ஒரு கேள்வி கேக்கலை. ஒரு வார்த்தை பேசலை. நாங்க கத்துக் குடுத்ததை அப்படியே கடைப்பிடிக்கறார். மூளையைப் பத்திப் படிக்கறதுக்கு மூளையைப் பாக்க வேண்டியதில்லைன்னு அஞ்சு வருஷம் முன்னாடி நான் சொன்னேன். சில மாணவர்களுக்கு அது புரியலை. பேர் சொல்ல மாட்டேன். அவங்களும் இந்த அறையிலதான் ஏதோ எடுபிடி வேலையில இருக்கறதாக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். எல்லாருக்கும் ஒரு இடம் கிடைக்கணும்."

எர்மிந்தோவின் உதடு அசைந்தது. அயெலென் திரும்பினாள்.

"கடைசி நிறுத்தம்," என்றார் எர்மிந்தோ.

கதவை மறித்து நின்றவரை அவர் நேராகப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் பழகிய குரல்.

"இறங்குங்க."

அயெலென் பதிவேட்டை எடுத்தாள். தேதி எழுதினாள். நோயாளி எர்மிந்தோ கப்ரால், புதிய சொற்கள் மூன்று என்று எழுதினாள். கீழே, தொலோசா என்று கையெழுத்திட்டாள்.